பெட்டித் தண்ணீர்

என் வண்டி எரிந்ததற்குக் காரணம் என் அக்காவின் மீன்பெட்டியிலிருந்து ஒழுகிய தண்ணீர்தான் என்று லைட்ஹவுஸ் குப்பத்தில் இன்றைக்கும் எல்லோரும் நம்புகிறார்கள். அக்காவும் நம்புகிறாள். அது பொய். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதில் பாவம் இருந்த இடம் என் கை.

அப்போது என்னிடம் ஒரு பழைய டீசல் வண்டி இருந்தது. ஜீப் மாதிரி மூக்கு நீண்டது, பின்னால் எதிரெதிராக இரண்டு நீள சீட்டு. கடலுக்குப் போவதை விட்டுவிட்டு அதை வாங்கியிருந்தேன். விடிந்ததும் குப்பத்துப் பெண்களை மீன்பெட்டிகளோடு பொன்னேரி மார்க்கெட்டில் இறக்குவேன். திரும்பி வந்து காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிற ஆட்களை ஏற்றுவேன். முன் சீட்டு அக்காவுக்கு. வண்டிக்காரனின் அக்கா என்ற உரிமையில் அவளே பிடித்துக்கொண்ட இடம் அது. காலடியில் பெட்டியை வைத்துக்கொண்டு பொன்னேரி வரைக்கும் ஊர்க்கதை பேசிக்கொண்டே வருவாள். அவள் வீட்டுக்காரர் முதுகு போய்க் கரையில் உட்கார்ந்து வலை கட்டுகிறவர். அக்கா பெட்டி தூக்கினால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும். இதை நான் அன்றைக்கும் நன்றாக அறிந்தவன்தான்.

எனக்குத் திமிர் கொஞ்சம் ஜாஸ்தி. பழவேற்காடு பஜாரிலிருந்து இன்னொரு வண்டி துறைமுகத்துக்கு ஓடியது. அதில் பாட்டு செட், ஆம்ப், பேஸ் பாக்ஸ் எல்லாம் இருந்தன. ஏரியைக் கடக்கிற பாலத்தில் ஏறும்போதே அதன் சத்தம் குப்பத்துக்குக் கேட்கும். என் வண்டி காலியாக நின்றாலும் ஆட்கள் அதற்காகக் காத்திருப்பார்கள். ஒருநாள் ஒருவன் என் முகத்துக்கு நேராகவே சொன்னான்:

"உன் வண்டில ஏறுனா சாவு வூட்டுக்குப் போற மாதிரியே கீதுண்ணா. ஒரு பாட்டு இல்ல, ஒண்ணியும் இல்ல."

அந்த வாரமே சென்னைக்கு, புதுப்பேட்டைக்குப் போனேன். செட், ஆம்ப், முட்டை வடிவ ஸ்பீக்கர் இரண்டு, ஒரு பேஸ் பாக்ஸ், விரல் தடிமனில் சிவப்பும் கறுப்புமாக ஒயர் என்று எல்லாம் வாங்கினேன். கடைக்காரன் வண்டியைக் கொண்டுவந்து விடச் சொன்னான். அரை நாளில் மாட்டித் தருவானாம். நான் விடுவேனா?

"எனக்கே தெரியும்பா. போட்டுல ஜிபிஎஸ், மீன் ஃபைண்டர், லைட்டு எல்லாம் நான்தான் மாட்டினது. எங்க குப்பத்துல பாதி போட்டு என் ஒயரிங்தான்."

அவன் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். "போட்டு வேற, வண்டி வேறண்ணா. வண்டிக்கு பாடியே எர்த்து. செவப்பு ஒயரு தோலு உரிஞ்சி எந்த இரும்புல பட்டாலும் ஷார்ட்டுதான். பேட்டரிலருந்து ஒரு சாண் தூரத்துல இந்த பியூஸைப் போடு. தகட்டு ஓட்டையில இந்த ரப்பரை மாட்டி, அதுக்குள்ள ஒயரை வுடு. மறந்துடாத" என்று ஒரு சின்ன பாக்கெட்டைக் கையில் கொடுத்தான்.

தலையை ஆட்டினேன். ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டேன்.

அவன் சொன்னதில் எனக்குப் புரியாதது ஒன்றுமில்லை. பழக்கம்தான் வேறு. ஃபைபர் போட்டின் உடம்பில் மின்சாரம் ஓடாது. சிவப்பும் கறுப்பும் பேட்டரியிலிருந்து கருவி வரைக்கும் ஜோடியாகப் போய்ச் சேர வேண்டும். நடுவில் சிவப்பு ஒயர் தோல் உரிந்து போட்டின் சுவரில் வருஷக்கணக்கில் உரசினாலும் ஒன்றும் ஆகாது. பியூஸை நாங்கள் மதிப்பதே இல்லை. நடுக்கடலில் அது போய்விட்டால் யார் கடைக்குப் போவது? ஒரு செப்புக் கம்பியைச் சுற்றிவிட்டு வேலையைப் பார்ப்போம். நாங்கள் பயப்படுவது அலைக்கு. அலையடிக்கு ஒயர் ஆடக் கூடாது. அதனால் எங்கே பிடிமானம் கிடைக்கிறதோ அங்கே வலை நூலால் இறுகக் கட்டுவோம். எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது. என் கைக்குத் தெரிந்த ஒயரிங் இதுதான்.

வீட்டு வாசலில் பூவரச மரத்து நிழலில் வண்டியை நிறுத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தேன். டாஷ்போர்டைக் கழற்றி செட்டை உட்கார வைத்தேன். மீன் வெட்டும் கத்தியாலேயே பின்கதவு அட்டையில் வட்டம் போட்டு அறுத்து ஸ்பீக்கரை மாட்டினேன். ஆம்ப் சீட்டுக்கு அடியில் போனது. இஞ்சினுக்கும் கால் வைக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு தகடு இருக்கிறது. அதில் ஏற்கெனவே ஒரு ஓட்டை இருந்தது. ரப்பரை மாட்டினால் ஒயர் நுழையவில்லை. ரப்பரைக் கழற்றி வீசிவிட்டு, ஒயரை அப்படியே நுழைத்தேன். அது ஆடிக்கொண்டிருந்தது. ஆடலாமா? ஓட்டையின் விளிம்போடு சேர்த்து நைலான் நூலால் நாலு சுற்றுச் சுற்றி, வலைக்குப் போடுகிற முடிச்சைப் போட்டுப் பல்லால் இழுத்து இறுக்கினேன். பியூஸ் பாக்கெட்டைப் பிரிக்கவே இல்லை. வீட்டில் வலை ஊசிகள் போட்டுவைக்கும் தகர டப்பாவில் அது போய் விழுந்தது.

எல்லாம் முடித்தும் ஆம்ப் உயிர் பெறவில்லை. செட்டிலிருந்து வருகிற நீல ஒயரை ஆம்புக்குக் கொடுத்தால்தான் அது விழிக்கும் என்பது எனக்குத் தெரியாது. மூன்று மணி நேரம் வியர்த்துக் கொட்டினேன். வேடிக்கை பார்த்தவர்கள் ஆளுக்கொரு கேலி பேசினார்கள். ஒரு போன் போட்டுக் கடைக்காரனைக் கேட்டிருக்கலாம். கேட்பேனா நான்? ஒவ்வொரு ஒயராகத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, நீலத்தைத் தொட்டதும் பேஸ் பாக்ஸ் 'தும்' என்றது. வாசலில் கோழிகள் சிதறி ஓடின.

அக்கா அப்போதுதான் மார்க்கெட்டிலிருந்து வந்தாள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னாடா இது, குடலு வரைக்கும் குலுங்குது. சோக்கா கீதுடா. நீயேவா போட்ட?"

"பின்ன ஊரான் வந்தா போடுவான்?"

மறுநாள் பொன்னேரியில் தராசு பிடிக்கிறவர் முதல் ஐஸ்காரர் வரைக்கும் ஒருவரையும் அவள் விடவில்லை. "எந்தம்பி அவனே போட்டான். ஒரு ஆளு கூட கை வெக்கல" என்றாள். எனக்கு அப்போது அது இனித்தது. பிறகு அந்தப் பெருமைதான் என் வாயைக் கட்டிப்போட்டது.

சில வாரங்கள் நன்றாகத்தான் ஓடியது. துறைமுக ஆட்கள் என் வண்டியைத் தேடி வந்தார்கள். ஒருநாள் காலை, பெண்களை ஏற்றிக்கொண்டு பொன்னேரி ரோட்டில் போகிறேன், இரண்டு பக்கமும் நெல் வயல், பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. சட்டென்று பாட்டு நின்றது. ரப்பர் கருகுகிற நாற்றம் வந்தது. அக்காவின் காலுக்கு மேலே, டாஷ்போர்டின் அடியிலிருந்து புகை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெருப்பு நாக்கு ஒன்று நீண்டு மிதியடியைப் பிடித்தது.

வண்டியை ஓரம் கட்டினேன். அடுத்து நான் செய்ததை எழுதவே கை கூசுகிறது. கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். "எறங்குங்க, எறங்குங்க" என்று கத்திக்கொண்டே வரப்பில் போய் நின்றேன். பின்கதவைத் திறந்து ஆறு பெண்களையும் கைபிடித்து இறக்கியவள் அக்காதான். பிறகு முன்னால் ஓடிவந்து, காலடியில் இருந்த தன் பெட்டியைத் தூக்கி, ஐஸும் தண்ணீரும் இறாலுமாக அப்படியே நெருப்பின் மேல் கவிழ்த்தாள். போதவில்லை. இன்னொருத்தியின் பெட்டியிலிருந்தும் ஐஸை அள்ளிப் போட்டாள். அப்புறம்தான் எனக்கு பேட்டரி ஞாபகம் வந்தது. பானெட்டைத் திறந்து ஒயரைக் கையாலேயே பிடுங்கினேன். உள்ளங்கை பொத்துப்போயிற்று. நெருப்பு அடங்கியது.

ரோட்டில் போனவர்கள் நின்று கூடினார்கள். "இன்னா ஆச்சி? எப்டி புடிச்சிச்சி?" என்று யாரோ கேட்டார்கள். பெண்கள் ஏழு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவனே போட்டான், ஒரு ஆளு கூட கை வைக்கல. அந்த வார்த்தை அங்கே நின்ற எல்லோர் மனசிலும் ஓடுவதாக எனக்குத் தோன்றியது. குனிந்து வண்டிக்குள் பார்த்தேன். கருகிய தரையெல்லாம் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பெட்டித் தண்ணி ஒயர்ல எறங்கிக்கிச்சி" என்றேன்.

யாருடைய பெட்டி என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. முன்னால் இருந்தது ஒரே பெட்டி. உப்புத் தண்ணீர் ஒயரைத் தின்னும் என்பது கடற்கரையில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். ஒருவர்கூட மறுத்துக் கேட்கவில்லை. கரியிலிருந்து இறாலைப் பொறுக்கிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

"நல்லா மூடித்தானேடா வெச்சேன்" என்றாள் மெதுவாக.

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். மாறாக எனக்குக் கோபம் வந்தது. "மூடி வெச்சா தண்ணி எப்டி வரும்? எத்தினி தபா சொன்னேன், கேட்டியா?" என்று எரிந்து விழுந்தேன். அதற்கு முன்னால் ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை.

"தப்புதாண்டா. கோச்சிக்காத" என்றாள். அன்றைய இறால் முழுக்கப் போயிற்று. அதைப்பற்றி அவள் பேசவே இல்லை.

வண்டியைக் கட்டி இழுத்துப் பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைச் சுவரை ஒட்டியிருந்த மெக்கானிக் ஷெட்டில் விட்டேன். மெக்கானிக் தகட்டு ஓட்டையிலிருந்து சிவப்பு ஒயரை உருவி எடுத்து வெளிச்சத்தில் காட்டினான். விளிம்பு பட்ட இடத்தில் கத்தியால் வெட்டியதுபோலத் தோல் அறுந்து செம்பு தெரிந்தது. நான் இறுகக் கட்டிய இடம். வண்டி குலுங்கக் குலுங்க, ஒயர் நகர வழியில்லாமல், தகடு அதை அறுத்திருக்கிறது.

"தண்ணின்னு சொன்னியாமே. இது முட்டிக்கு மேல கீதுண்ணா. இங்க எப்டி தண்ணி ஏறும்? பியூஸு எங்க?"

"யார்கிட்டயும் சொல்லிக்காதப்பா" என்றேன். அவன் தோளைக் குலுக்கினான். "எனக்கு இன்னாண்ணா வந்துச்சி." சொன்னபடி யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வருஷத்துக்குள் ஷெட்டைக் காலி செய்துவிட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டான்.

அந்த ஒயரை நானே வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குப் போய் டப்பாவிலிருந்த பியூஸ் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு பாலத்துக்கு வந்தேன். இரண்டையும் ஏரியில் போட்டேன். ஒயர் கனமானது, உடனே முழுகியது. பாக்கெட் மட்டும் கொஞ்ச தூரம் மிதந்துகொண்டே போனது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நின்றேன்.

வண்டி சரியாகி வந்ததும், முன் சீட்டில் பெட்டி கூடாது என்று சட்டம் போட்டேன். அதோடு நிறுத்தவில்லை. "கொஞ்ச நாளு பஸ்ல போக்கா" என்று அக்காவிடம் சொன்னேன். கவனமில்லாதவள் என்று ஊருக்குக் காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. அவள் பக்கத்தில் இருந்தால் என்னால் வண்டி ஓட்ட முடியவில்லை.

"சரிடா" என்றாள். அவ்வளவுதான்.

மீன்பெட்டியைச் சில கண்டக்டர்கள் ஏற்றுவார்கள், சிலர் ஏற்ற மாட்டார்கள். பாலத்தைத் தாண்டி பஜார் வரைக்கும் பெட்டியைத் தலையில் சுமந்து போவாள். இவன் ஏற்றாவிட்டால் அடுத்த பஸ், அவனும் ஏற்றாவிட்டால் அதற்கடுத்தது. மார்க்கெட் போய்ச் சேர்வதற்குள் அவள் உட்காரும் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். வெயில் ஏறிய பிறகு விற்கிற மீனுக்கு என்ன மரியாதை? மாமா ஒருநாள் முதுகைப் பிடித்துக்கொண்டே என் வீட்டுக்கு நடந்து வந்தார். கோபமாகக்கூட இல்லை.

"ஒரு பெட்டிதானே மாப்ள. மேல கேரியர்ல கட்டிக்கினா ஆவாதா?"

"கேரியர் தாங்காது மாமா" என்றேன். அந்தக் கேரியரில் நான் சிமெண்ட் மூட்டை ஏற்றியிருக்கிறேன். அது அவருக்கும் தெரியும். எழுந்து போனார்.

காலையில் பாலத்தில் அவளைக் கடப்பேன். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓரமாக நடந்து போவாள். செட்டை மட்டும் கடைக்காரனிடமே கொடுத்து ஒழுங்காக மாட்டியிருந்தேன். அவளைக் கடக்கும்போது பாட்டைக் குறைப்பேன். தாண்டியதும் கூட்டுவேன். அந்த ஒரு வருஷத்தில் நான் அவளுக்குச் செய்தது அது ஒன்றுதான்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டுகள் திரும்பக் கடலுக்குப் போன சமயம், ஒருநாள் என் மனைவி சோற்றுத் தட்டை என் முன்னால் டங்கென்று வைத்தாள். "உங்க அக்காவ பாதி வழில பஸ்ஸ நிறுத்தி எறக்கி வுட்டானாம். பெட்டியோட ரோட்ல நின்னுக்கினு இருந்துச்சாம். நீயெல்லாம் இன்னா மனுசன்?" மறுநாள் காலை அக்கா வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தேன். குப்பத்தில் எனக்கு நல்ல பெயர் வந்தது. 'அவ்ளோ நஷ்டம் பண்ணியும் அக்காவ மன்னிச்சி ஏத்திக்கினான், பெரிய மனசு' என்றார்கள். நான் மறுக்கவில்லை.

அக்கா பெட்டியை இரண்டு நீலத் தார்ப்பாயில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்தாள். முன் சீட்டைக் காட்டினேன்.

"வோணாண்டா. பின்னாடியே குந்திக்கிறேன்."

பெட்டியைத் தரையில் வைக்க மாட்டாள். மடியில்தான் வைத்துக்கொள்வாள். பொன்னேரி வரைக்கும் ஐஸின் குளிர் தார்ப்பாய் வழியாகத் தொடையில் இறங்கும். இறங்கியதும் கால் மரத்துப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகுதான் நடப்பாள். இதை நான் தினமும் கண்ணாடியில் பார்த்தேன். மாதக்கணக்கில் பார்த்தேன். உண்மை வாய் வரைக்கும் வரும், விழுங்கிவிடுவேன்.

ஒருநாள் புதிதாக ஒரு பெண் ஏறினாள். குப்பத்துக்குக் கல்யாணமாகி வந்தவள், முதல் தடவை மார்க்கெட்டுக்கு வருகிறாள். பெட்டியைத் தரையில் வைத்தாள். ஓரத்தில் லேசாகத் தண்ணீர் கசிந்தது. அக்கா பதறிப்போய் அதன் கீழே தன் முந்தானையை வைத்தாள்.

"ஏ பொண்ணு, மடில தூக்கி வெச்சிக்கோ. என் பெட்டித் தண்ணி பட்டுத்தான் ஒரு தபா இந்த வண்டியே எரிஞ்சிச்சி. ஏழு பேரு சாவ வேண்டியது. எந்தம்பி ஒரு வருசம் என்ன ஏத்தாம வுட்டான். வுட்டது ஞாயம்தான்."

கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். குற்றம் செய்தவள் அடுத்தவளுக்குப் புத்தி சொல்கிற முகம். பாட்டை அணைத்தேன். வண்டியை ஓரம் கட்டி, திரும்பி உட்கார்ந்தேன்.

"அக்கா, அது உன் தண்ணி இல்ல. நான்தான் ஒயரைத் தப்பா கட்டினேன். பியூஸ் போடல. தகடு அறுத்து நெருப்பு புடிச்சிச்சி. அன்னிக்கே மெக்கானிக் காட்டினான். நான் பொய் சொன்னேன்."

அக்கா என்னையே பார்த்தாள். கண் கலங்கியது. பிறகு சிரித்துவிட்டாள்.

"கேட்டீங்களாடி? நாலு பேரு எதுர்ல அக்கா தலை குனியக் கூடாதுன்னு பழியத் தூக்கி அவன் மேலயே போட்டுக்கறான்."

"இல்லக்கா. நெசமாத்தான் சொல்றேன்."

"அடப் போடா. நான்தான் பாத்தேனே, கீழெல்லாம் தண்ணி தேங்கினு இருந்துச்சே."

"அது நீ அணைக்க ஊத்துன தண்ணிக்கா."

"அதுக்கு முன்னாடியே ஒழுகியிருக்கும். எனக்குத் தெரியாதா என் பெட்டி? நீ போட்ட ஒயரு எப்டிடா தப்பாவும்? குப்பத்துல பாதி போட்டு உன் ஒயரிங்கு."

அந்த ஒயர் கையில் இருந்தால் காட்டியிருப்பேன். அது ஏரியில் கிடந்தது. மெக்கானிக் எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது. "சத்தியமாக்கா" என்றேன். குரல் உடைந்துவிட்டது. அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. "பாவம், அழுவுது பாரு" என்றாள் ஒருத்தி. "இப்பிடி ஒரு தம்பி யாருக்குக் கெடைக்கும்" என்றாள் அந்தப் புதுப் பெண்.

"சரி, ஓட்டுடா. மார்க்கெட்டு போயிடும்" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஓட்டினேன். பொன்னேரி வரைக்கும் என் புகழ்தான் பின்னால் பேச்சு. அதற்கப்புறம் இரண்டு தடவை தனியாகவும் சொல்லிப் பார்த்துவிட்டேன். "உனக்குப் பொழுது போவலியா" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

வண்டியில் நான் உண்மையைச் சொன்னதற்கு மறுநாள் காலையிலும் அக்கா பெட்டியை இரண்டு தார்ப்பாயில் சுற்றித்தான் கொண்டுவந்தாள். அவளுக்குப் பின்னால் அந்தப் புதுப் பெண் வந்தாள். அவள் பெட்டியிலும் நீலத் தார்ப்பாய் சுற்றியிருந்தது, அக்கா வீட்டுத் தார்ப்பாய்தான். ஏறி அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.